வாயால சொன்னா காணாதோ?

லண்டன்ல கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு லெஷர் சென்டர்ல நான் வேலை செய்யிறன், 11 வருசமாச்சு. முதல் ரெண்டு வருசம் பூல் பக்கம் லைஃப்கார்டா நிண்டனான், பிறகு ரிசெப்ஷன், இப்ப மெம்பர்ஷிப் சம்பந்தமான முறைப்பாடு எல்லாம் என்ர மேசைக்குத்தான் வரும். எந்தச் சென்டர், எந்தக் கவுன்சில் எண்டு சொல்ல மாட்டன். ஆனா போன வருசம் நடந்த ஒரு விசயத்தை எழுதவேணும் எண்டு கனநாளா மனசுக்குள்ள கிடக்கு. சம்பந்தப்பட்ட அன்ரியிட்டயும் கேட்டுப்போட்டன், "எழுது பிள்ளை, என்னை மாதிரி எத்தினை சனம் பயந்துகொண்டு இருக்குதோ" எண்டு சொன்னா.

ஆடி மாசக் கடைசி, பின்னேரம் நாலு மணி இருக்கும், சின்னப் பிள்ளையளின்ர சுவிமிங் கிளாஸ் தொடங்கிற நேரம், ரிசெப்ஷன்ல நிக்க இடமில்லை. ஒரு தம்பி வந்து இங்கிலீஷ்ல சரியான கோவமா கதைக்கத் தொடங்கினார், பக்கத்தில அவரின்ர அம்மா ஒரு ஊன்றுகோலோட, கையில ஒரு பிளாஸ்டிக் பை. என்ர பட்ஜ்ல பேரைப் பாத்த உடன தம்பி நிப்பாட்டிட்டு, "அக்கா நீங்கள் தமிழோ, அப்ப இவவிட்டயே கேளுங்கோ" எண்டு சொன்னார். அன்ரி பையுக்குள்ள இருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில வச்சா. நாலா மடிச்சு மடிச்சு விரிச்சு அந்த மடிப்பு வழிய கடிதம் கிழியத் தொடங்கியிருந்தது, எத்தினை தரம் எடுத்து வாசிச்சிருப்பா எண்டு பாக்கவே தெரிஞ்சுது.

அது கடன் அறவிடுற கம்பனியின்ர கடிதம். 102 பவுண்ஸ் கட்டவேணும், 14 நாளைக்குள்ள கட்டாட்டி மேல நடவடிக்கை எடுப்பம் எண்டு சிவப்பு எழுத்தில. அன்ரி என்னட்ட கேட்ட முதல் கேள்வி காசைப் பற்றி இல்லை. "பிள்ளை, வீட்டுக்கு வந்து ரீவியைத் தூக்கிக்கொண்டு போவினமோ?"

இதை முதல்லயே சொல்லிப்போடுறன், ஏனெண்டா எங்கட ஆக்கள் கனபேருக்கு இந்தப் பயம் இருக்கு. கடன் அறவிடுற கம்பனிக்காரருக்கும் பெய்லிஃபுக்கும் (சட்ட அதிகாரத்தோட வந்து சாமானை எடுக்கக்கூடிய ஆள்) நிறைய வித்தியாசம். கம்பனிக்காரர் கடிதம் போடலாம், போன் பண்ணலாம், வாசலுக்கு வந்து கேக்கவும் கூடும், ஆனா அவைக்கு உங்கட வீட்டுக்குள்ள வாறதுக்கோ ஒரு சாமானைத் தொடுறதுக்கோ எந்த அதிகாரமும் இல்லை. இப்பிடியான காசுக்கு பெய்லிஃப் வரவேணுமெண்டா விசயம் கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வந்து, அதுக்குப் பிறகும் நீங்கள் கட்டாமல் இருந்தாத்தான். "இந்தக் காசை நான் ஒத்துக்கொள்ளேல்லை, இது பிரச்சினையில இருக்கு" எண்டு அந்தக் கம்பனிக்கு ஒரு வரி எழுதி அனுப்பிப்போட்டு, அந்தக் கொப்பியை வச்சிருக்கலாம். இதை அண்டைக்கு அன்ரிக்கு ரெண்டு தரம் சொன்னன், மூண்டாம் தரம் சொன்ன பிறகுதான் கதிரையில இருந்தா.

நடந்தது இதுதான். அன்ரிக்கு முழங்கால் தேய்மானம், ஜீபி, அதான் குடும்ப டொக்டர், தண்ணிக்குள்ள நடக்கச் சொன்னவர், அதால 60 வயசுக்கு மேற்பட்டாக்களுக்கான மெம்பர்ஷிப் ஒண்டு எடுத்து மூண்டு வருசமா ஒவ்வொரு புதன்கிழமையும் பொம்பிளையளுக்கு மட்டும் இருக்கிற காலமைச் செஷனுக்கு வந்துகொண்டிருந்தவ. மாசம் 24.50 பவுண்ஸ், முதலாம் திகதி டிரெக்ட் டெபிட்டில, அதாவது பாங்க்கில இருந்து தானாப் போகும். இந்தக் கடிதம் வாறதுக்கு முந்தின வருசம் ஐப்பசி மாசம் ஒபரேஷனுக்குத் திகதி வந்திட்டுது, முழங்கால் மாத்திற ஒபரேஷன். அன்ரி ஒழுங்கான மனிசி, ஒபரேஷனுக்கு முதல் கடைசியா வந்த நாளிலயே ரிசெப்ஷன்ல நிண்ட பெடியனிட்ட, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, ஒபரேஷன், சிக்ஸ் மந்த்ஸ், நோ கம், ஸ்டொப் மணி எண்டு சொல்லியிருக்கிறா. பெடியனும் "நோ ப்ராப்ளம், ஐ வில் ஃப்ரீஸ் இட்", மெம்பர்ஷிப்பைக் கொஞ்சக் காலத்துக்கு நிப்பாட்டி வைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறான். அன்ரி அதோட நிம்மதியா வீட்டை போட்டா.

காசு நிக்கேல்லை. கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி, அஞ்சு மாசமும் 24.50 போயிருக்கு. சித்திரையில விலை கூடி 26 பவுண்ஸ் ஆச்சு, அதுவும் போச்சு, வைகாசியும் போச்சு. அன்ரி ஒபரேஷன், ஃபிசியோ, நித்திரையில்லாத இரவுகள் எண்டு இருந்ததால பாங்க் பேப்பரைப் பாக்கேல்லை. வைகாசி மாசம் மகன் அம்மாவின்ர ஸ்டேட்மென்டைப் பாத்துப்போட்டு, பாங்க்குக்குப் போன் பண்ணி டிரெக்ட் டெபிட்டை நிப்பாட்டிட்டார். பிரச்சினை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சிருக்கிறார்.

இங்கதான் கனபேர் விழுறது. டிரெக்ட் டெபிட்டை பாங்க்கில நிப்பாட்டுறது உங்கட உரிமை, எந்த நேரமும் நிப்பாட்டலாம், ஆனா அது காசு போற குழாயைப் பூட்டுறது மாதிரி மட்டும்தான். மெம்பர்ஷிப் ஒப்பந்தம் அங்கால அப்பிடியே உயிரோட இருக்கும். எங்கட சிஸ்டத்துக்கு அன்ரி ஒரு மெம்பர், ஆனி மாசம் காசு வரேல்லை, ஆடி மாசம் காசு வரேல்லை, ரெண்டு மாசம் தவறினா ஆள் பாக்காமலே கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை வெளிக் கம்பனிக்குத் தள்ளிவிடும். 52 பவுண்ஸ் நிலுவை, அதுக்கு மேல 50 பவுண்ஸ் சார்ஜ், அப்பிடித்தான் 102.

மகன் எங்கட கோல் சென்டருக்கு ரெண்டு தரம் அடிச்சிருக்கிறார். ரெண்டு தரமும் ஒரே பதில்தான், நிப்பாட்டுறதெண்டா 30 நாளைக்கு முதல் எழுத்தில தரவேணும், எங்களிட்ட ஒரு பதிவும் இல்லை. உண்மையைச் சொல்லவேணும், நானும் அண்டைக்கு அன்ரியின்ர கணக்கைத் திறந்து நோட்ஸ் பக்கம் வெறுமையா இருக்கிறதைப் பாத்த உடன அதே வசனம் வாயில வந்திட்டுது. 11 வருசம் சொல்லிப் பழகின வாய். அன்ரியின்ர முகத்தைப் பாத்துத்தான் நிப்பாட்டினன்.

நான் அவையை உள்ள கூட்டிக்கொண்டு போய் இருத்தி, தேத்தண்ணி குடுத்து, திகதி திகதியா ஒரு பேப்பரில எழுதத் தொடங்கினன். இதுக்கு ஒரு 40 நிமிசம் எடுத்திருக்கும். கேற்றில கார்ட் அடிக்கிற பதிவு எங்களிட்ட இருக்கும், அதில அன்ரி கடைசியா வந்தது ஐப்பசி 11, அதுக்குப் பிறகு ஒரு தரமும் இல்லை. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கடிதம் மகனின்ர போன்ல இருந்தது, கார்த்திகை மாசத் திகதி. விலை கூட்டின அறிவித்தல் எங்க போனது எண்டு பாத்தன், மெம்பர்ஷிப் எடுக்கேக்க பேத்தி குடுத்த தன்ர பள்ளிக்கூட இமெயில், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுப் போய் கனகாலம், அந்த இமெயிலை ஒருத்தரும் திறக்கிறதே இல்லை. தொகை மாறினா முன்கூட்டியே, வழமையா 10 வேலை நாளைக்கு முதல், அறிவிக்கவேணும் எண்டு, பாங்குகள் வாடிக்கையாளருக்குக் குடுக்கிற டிரெக்ட் டெபிட் உத்தரவாதத்தில இருக்கு. நாங்கள் அனுப்பினது உண்மைதான், ஆனா வீட்டு விலாசம் கையில இருக்க, 70 வயசு மனிசிக்கு ஆரோ ஒரு பிள்ளையின்ர பழைய இமெயிலுக்கு அனுப்பிப்போட்டு அறிவிச்சிட்டம் எண்டு சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்லை.

இதெல்லாம் இருந்தும் முக்கியமான துண்டு இல்லை. அன்ரி சொன்னா எண்டதுக்கு என்ன சாட்சி? அந்தப் பெடியன் வேலையை விட்டுப் போட்டான். அப்பத்தான் கேட்டன், "அன்ரி, அண்டைக்கு அவர் உங்களிட்ட ஏதும் பேப்பர் தந்தவரோ?"

அன்ரி கொஞ்சம் யோசிச்சுப்போட்டு பையை மேசையில கவிட்டா. மருந்துச் சிட்டை, கண்ணாடிக்கூடு, கோயில் விபூதிப் பொட்டலம், பஸ் பாஸ், ரெண்டு தோடம்பழ ரொஃபி, பிறகு எங்கட பூலின்ர பழைய டைம்டேபிள் ஒண்டு, அந்த இலையுதிர்காலத்து டைம்டேபிள். திருப்பிப் பாத்தன். பின்பக்கம் நீலப் பேனையால, ஃப்ரீஸ் 6 மாசம், ஒபரேஷன் கார்த்திகை 7, டொக்டர் கடிதம் பிறகு எண்டு இங்கிலீஷ்ல எழுதி கீழ ரெண்டு எழுத்தில கையொப்பம். அந்த ஏழுக்கு நடுவில ஒரு குறுக்குக் கோடு. அந்தப் பெடியன் எப்பவும் ஏழை அப்பிடித்தான் எழுதுவான், லொக்கர் திறப்புப் புத்தகம் முழுக்க அவன்ர ஏழு இருக்கு, போய் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில வச்சுப் பாத்தன். அதே ஏழு. அவன் அன்ரிக்கு விளங்கட்டும் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறான், பிறகு சிஸ்டத்தில ஏத்த மறந்திட்டான், இல்லாட்டி ஆக்கள் வரிசையில நிண்டிருப்பினம், ஷிஃப்ட் முடிஞ்சிருக்கும். நல்ல பெடியன், அவனை நான் குறை சொல்லேல்லை. ஆனா பிழை எங்கட பக்கம், அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மகனுக்கு அந்தப் பேப்பரைக் கண்ட உடன கண் கலங்கிட்டுது. "அம்மா ஏன் இதைச் சொல்லேல்லை?" எண்டு கேட்டார். "நீ கேக்கேல்லையே தம்பி." உண்மைதான், ஒருத்தரும் கேக்கேல்லை, கோல் சென்டர்லயும் கேக்கேல்லை.

அடுத்த நாள் மனேஜரிட்ட போனன். அவர் கெட்ட ஆள் இல்லை, ஆனா அவருக்கு மேலிடத்தில இருந்து ரீஃபண்ட் குறைக்கச் சொல்லி நெருக்கடி. முதல்ல அவர் சொன்னது, மூண்டு மாசக் காசு 73.50 பவுண்ஸ் குடுப்பம், நல்லெண்ண அடிப்படையில எண்டு. குட்வில் ஜெஸ்சர். இந்த வார்த்தை எனக்குப் பிடிக்கிறதே இல்லை. அன்ரியின்ர பென்ஷன் காசை நாங்கள் பிழையா எடுத்துப்போட்டு, அதில பாதியைத் திருப்பிக் குடுக்கேக்க அதுக்கு நல்லெண்ணம் எண்டு பேர் வைக்கிறது என்ன நியாயம்? நல்லெண்ணம் எண்டா நாங்கள் எங்கட கையில இருந்து குடுக்கிறது.

நான் டைம்டேபிளை முன்னால வச்சு, 2015 கன்சியூமர் ரைட்ஸ் சட்டத்தை எடுத்துச் சொன்னன். அதில 50-ம் பிரிவு, ஒரு சேவையைப் பற்றி நிறுவனத்தின்ர ஆள் வாயால சொன்னதோ எழுதிக் குடுத்ததோ, அதை நம்பி வாடிக்கையாளர் ஒரு முடிவெடுத்தா, அந்தச் சொல்லும் ஒப்பந்தத்தின்ர பகுதியாத்தான் கணக்கு. ஒப்பந்தம் போட்ட பிறகு எடுத்த முடிவெண்டாலும் பொருந்தும். பெடியன் நிப்பாட்டுறன் எண்டு சொன்னான், அன்ரி அதை நம்பி வேற ஒண்டும் செய்யாமல் வீட்டை போனவ. அப்ப எழுத்தில தரேல்லை எண்டு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது? அதோட எங்கட சொந்த விதியிலயே இருக்கு, வருத்தம் எண்டு டொக்டர் கடிதம் இருந்தா ஆறு மாசம் வரைக்கும் காசில்லாமல் ஃப்ரீஸ் பண்ணலாம் எண்டு. ஜிம் ஒப்பந்தம் எண்டா என்னவும் எழுதலாம் எண்ட காலமும் இப்ப இல்லை, 2011-லயே இங்க ஹைகோர்ட்டில ஒரு வழக்கு, 12 மாசத்துக்கு மேல ஆக்களைக் கட்டி வச்சிருந்த ஜிம் ஒப்பந்தங்கள் நியாயமில்லை எண்டு தீர்ப்பு வந்தது.

மனேஜர் அந்தப் பேப்பரைக் கனநேரம் பாத்தார். பிறகு கணக்குப் பாத்தம். ஆறு மாசம் எண்டா கார்த்திகையில இருந்து சித்திரை மட்டும், அஞ்சு 24.50-உம் ஒரு 26-உம், 148.50 பவுண்ஸ். ஆனியும் ஆடியும் கேட்ட 52-உம் 50 பவுண்ஸ் சார்ஜும் முழுக்க ரத்து, ஏனெண்டா ஃப்ரீஸ் ஒழுங்காப் பதிஞ்சிருந்தா அது முடியேக்க எங்கட கடிதம் போயிருக்கும், அன்ரி அப்பவே முடிவைச் சொல்லியிருப்பா. மிச்சம் வைகாசி மாசத்து 26 பவுண்ஸ். அதையும் கேட்டுப் பாப்பம் எண்டு நான் அன்ரிக்குப் போன் பண்ணினன். அவ சொன்னா, "நான் ஆறு மாசம் எண்டுதானே பிள்ளை சொன்னனான், ஏழாவது மாசக் காசு எனக்கு வேண்டாம்." மகன் பக்கத்தில இருந்து அம்மா, அம்மா எண்டு கூப்பிட்டது கேட்டுது. அன்ரி விட்டுக்குடுக்கேல்லை. அந்த 26 பவுண்ஸ் அப்பிடியே போச்சு.

நான் விட்டுக்குடுக்காதது கடிதத்தின்ர வசனத்தில. ரீஃபண்ட் கடிதம் எங்களிட்ட ஒரு அச்சில இருக்கு, பேரையும் தொகையையும் மாத்தினாச் சரி, அதில நல்லெண்ண அடிப்படையில எண்டு தானா வரும். அதை அழிச்சுப்போட்டு, நீங்கள் இன்ன திகதி நேரில வந்து அறிவிச்சனீங்கள், அதை நாங்கள் பதியத் தவறிட்டம், அதுக்கு மன்னிப்புக் கேக்கிறம், உங்கட பேரில ஒரு சதமும் நிலுவை இல்லை, வெளிக் கம்பனியிட்ட இருந்து கணக்கைத் திருப்பி எடுத்திட்டம் எண்டு எழுதினன். மனேஜர் ரெண்டு நாள் கையொப்பம் வைக்கேல்லை, மேல கேக்கவேணும் எண்டார். வச்சார். அதே கடிதத்தைத் தமிழிலயும் ஒரு பேப்பரில எழுதிக் கூட வச்சன், அது ஒஃபிஷியல் இல்லை, அன்ரி வாசிக்கிறதுக்கு.

எனக்கு ஏன் இவ்வளவு எண்டு கூட வேலை செய்யிற ஒருத்தி கேட்டவ. இது பிரைவேட் ஜிம் இல்லை. இங்க 1846-ல சட்டம் கொண்டுவந்து, வீட்டில குளிக்க வசதியில்லாத சனத்துக்காக ஊர்க் காசில குளிப்பிடமும் உடுப்புத் தோய்க்கிற இடமும் கட்டலாம் எண்டு தொடங்கின விசயம், அதில இருந்து வளந்து வந்ததுதான் இந்தக் கவுன்சில் பூல் எல்லாம். இப்ப கனக்க இடங்களில கட்டிடம் கவுன்சிலின்ர, நடத்திறது வேற ஒரு நிறுவனம். கரண்ட், காஸ் விலை ஏறி பூலுகளைச் சூடா வச்சிருக்கவே ஏலாமல் போய், 2023-ல அரசாங்கம் 63 மில்லியன் பவுண்ஸ் ஒதுக்கினது. அப்பிடிச் சனத்தின்ர வரிக்காசில நிக்கிற இடத்துக்கு ஒரு வயசான மனிசி வர ஏலாமல் ஒரு கடிதத்துக்குப் பயந்து வீட்டில இருந்தவ எண்டா அது எனக்கு வெக்கம். ஃபிசியோக்காரர் காயம் நல்லா மாறிட்டுது, தண்ணிக்குள்ள நடவுங்கோ எண்டு சொல்லியும் கிழமைக்கணக்கா அவ இந்தப் பக்கம் வரேல்லை.

இதே மாதிரி உங்களுக்கு, இல்லாட்டி உங்கட அம்மா அப்பாவுக்கு நடந்தா என்ன செய்யிறது எண்டு கேக்கிறாக்களுக்கு நான் சொல்லுறது: போன்ல கோவிச்சுக் கத்தாமல் ஒரு இமெயிலில திகதி திகதியா எழுதுங்கோ, மேல இது ஒரு முறைப்பாடு எண்டு வெளிப்படையாப் போடுங்கோ, அந்த வார்த்தை இருந்தா அது முறைப்பாட்டு வரிசைக்குள்ள போறது சுலபம். கேற் பதிவு, நோட்ஸ், உங்களைப் பற்றி வச்சிருக்கிற எல்லாத்தையும் தரச்சொல்லிக் கேக்கலாம், அது டேட்டா சட்டப்படி உங்கட உரிமை, காசில்லை, வழமையா ஒரு மாசத்துக்குள்ள தரவேணும். தொகையிலயோ திகதியிலயோ பிழையா டிரெக்ட் டெபிட் எடுத்திருந்தா நேர பாங்க்கிட்ட கேக்கலாம், டிரெக்ட் டெபிட் உத்தரவாதப்படி பாங்க் உடன திருப்பித் தரும், ஆனா ஒப்பந்தத்தில கட்டவேண்டிய காசை அப்பிடி எடுத்தா நிறுவனம் திருப்பிக் கேக்கும், அதால யோசிச்சுச் செய்யுங்கோ. நடத்திற நிறுவனம் சரியாப் பதில் தராட்டி கவுன்சிலுக்குப் போங்கோ, கட்டிடம் அவையின்ர, சேவை அவையின்ர பேரில. அங்கயும் சரிவராட்டி இங்கிலாந்தில லோக்கல் கவர்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஒம்புட்ஸ்மன், கவுன்சிலுகளைப் பற்றின முறைப்பாட்டைச் சுயாதீனமா விசாரிக்கிறவை, இருக்கினம், காசில்லை, விசயம் தெரிய வந்து 12 மாசத்துக்குள்ள போகவேணும். இலவசமா ஆலோசனை சொல்லுற சிற்றிசன்ஸ் அட்வைஸுக்குப் போன் பண்ணியும் கேக்கலாம். எங்கட சனம் இதெல்லாம் வேலையில்லாத வேலை, போனாப் போகட்டும் எண்டு விடுகிறது எனக்குத் தெரியும். என்ர அம்மாவும் அப்பிடித்தான். முறைப்பாடு எழுதிறது ஆரோடயும் கொழுவுறது இல்லை, எங்களுக்கும் அது வந்தாத்தான் எங்க ஓட்டை எண்டு தெரியும்.

இப்ப ரிசெப்ஷன்ல ஒரு கார்பன் புத்தகம் வாங்கி வச்சிருக்கிறன், பழைய கடையளில பில் எழுதிற மாதிரி. ஆராவது வாயால வந்து நிப்பாட்டச் சொன்னா, வரிசை எவ்வளவு நீளமெண்டாலும் அதில எழுதி மேல் பேப்பரை அவைக்குக் கிழிச்சுக் குடுக்கவேணும், கீழ் பேப்பர் எங்களிட்ட. ஷிஃப்ட் முடியேக்க புத்தகத்தைப் பாத்துத்தான் சிஸ்டத்தில ஏத்திறது.

அன்ரி புரட்டாதி மாசம் திரும்பி வரத் தொடங்கினா. மெம்பர்ஷிப் போட்டா மலிவு எண்டு கணக்குப் போட்டுக் காட்டினன், கேட்டுக்கொண்டு இருந்திட்டு வேண்டாம் எண்டிட்டா. பாங்க்குக்குள்ள இனி ஒருத்தரையும் விட மாட்டாவாம். நான் வற்புறுத்தேல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் அண்டண்டைக்குரிய காசைச் சில்லறையா எண்ணி மேசையில வச்சுப்போட்டு, ரிசீட் கையில வரும் மட்டும் நிப்பா, வந்த உடன திகதியைப் பாத்து மடிச்சு அதே பிளாஸ்டிக் பையுக்குள்ள வச்சுக்கொண்டுதான் உள்ள போவா.